வாங்கியாச்சு என்று சொல்லும் லைப்ரரி

இணையத்திலிருந்து இறக்கிய மூன்றாவது லைப்ரரியும் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனது. சத்தம் போட்டு விழுந்து செத்திருந்தால் சுருட்டை சந்தோஷப்பட்டிருப்பான். விழுந்ததைத் தூக்கி நிறுத்த அவனுக்குத் தெரியும். இது உட்கார்ந்த இடத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செத்திருந்தது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது, ‘இணைப்பு உண்டு’ என்று எழுத்தும் நின்றது. மெசேஜ் மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

“எவ்ளோ நேரம் தாங்குச்சு?” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டாள் டெஸ்டர். அவன் கட்டுவதை உடைத்துப் பார்ப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். இரண்டு பிள்ளை பெற்றவள், வாய்க்குப் பஞ்சமில்லாதவள்.

“நாலு மணி நேரம் பத்து நிமிஷம்.”

“முன்னாடி வந்ததுக்கு இது பரவால்ல. அது ரெண்டு மணி நேரத்துலயே வாயப் பொளந்துடுச்சு.”

“நீ வேற வயித்தெரிச்சலக் கிளப்பாத.”

“நான் எங்கடா கிளப்புறேன்? எரியற வயித்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். சூடு தாங்கல, அவ்ளோதான்.”

சிரிப்பு வரவில்லை அவனுக்கு. சுருட்டை முடிக்குள் பத்து விரலையும் விட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கீழே சரக்கு யார்டு. தகரக் கூரை போட்ட ஒன்பது ஷெட்டுகள், நடுவில் லாரிகள், லாரிகளின் முதுகில் மூட்டையும் பெட்டியுமாக ஆட்கள். ஏழாவது ஷெட்டில் அவன் அக்கா புருஷன் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார். இந்த உயரத்திலிருந்து பார்த்தால் எந்த முதுகு யாருடையது என்று தெரியாது.

யார்டின் பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு லோடுமேன்கள். முன்பெல்லாம் விடிகாலையில் மேஸ்திரி கேட்டில் நின்று பெயரைக் கூவுவார். கூப்பிட்டால் உள்ளே போவார்கள், கூப்பிடாவிட்டால் காறித் துப்பிவிட்டுத் திரும்புவார்கள். இப்போது எல்லாம் போன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுநாள் அழைப்பு போகும். எந்த ஷெட், எத்தனை மணி என்று அதில் இருக்கும். லாரி குறைவாக வருகிற நாளில் பாதிப் பேருக்கு அழைப்பு இருக்காது. அழைப்பு வராதவனுக்குக் கேட் திறக்காது. மீறி வந்து கேட்டருகே நின்றால் அதுவே ஒரு குற்றம்.

யார்டு ஆபீஸிலிருந்து கிளம்பும் அழைப்புகள் ஒரு சர்வரில் வந்து ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். மெசேஜ் க்யூ என்று அதற்குப் பெயர். அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போன்களுக்குத் தள்ளுவது சுருட்டையின் புரோகிராம். க்யூ பேசும் பாஷை புரோகிராமுக்குத் தெரியாது. நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் லைப்ரரி. எங்கோ எவனோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டுவிட்டுப் போன புரோகிராம் துண்டு. இவன் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே ஒரு லைப்ரரி அங்கே இருந்தது. அது வாரத்துக்குப் பத்துப் பதினைந்து அழைப்புகளை விழுங்கி ஏப்பம் விட்டது.

விழுங்கியது யாருக்கும் தெரியாது. போன் அடிக்காதவன் நாளைக்கு வேலை இல்லை போல என்று வீட்டில் இருந்துவிடுவான். யார்டோ, கூப்பிட்டோம் வரவில்லை என்று குறித்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை அப்படிக் குறி விழுந்தால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

அத்தானுக்கு இரண்டு விழுந்திருந்தது.

இன்றைக்கு யாருக்கு அழைப்பு என்று சுருட்டைக்கும் தெரிய வழியில்லை. அவன் புரோகிராம் வழியாகப் போவது எல்லாம் பூட்டிய உறைகள். எத்தனை என்று எண்ணலாம், உள்ளே பார்க்க முடியாது. மேஸ்திரியைக் கேட்டால் “போனப் பாரு” என்பார்.

ஆகவே அவன் லைப்ரரி தேடினான். ஒரு மாதமாக அதே வேலை. அதிகம் பேர் பாராட்டி நட்சத்திரம் குத்தியிருந்த ஒன்றை முதலில் எடுத்தான். அதைத் தொட்டுத் திருத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. புகார்ப் பக்கத்தைத் திறந்தால் முதல் புகாரே அவனுடைய புகார்தான், வேறொருவன் எழுதியது. அதற்குக் கீழே முப்பது பேர் வரிசையாக ‘எனக்கும்’, ‘எனக்கும்’ என்று இழவு வீட்டில் கூடியது போல. லைப்ரரியை எழுதியவனுக்கே மெயில் போட்டான். நல்ல மனுஷன், மறுநாளே பதில் வந்தது. ‘இதை எழுதிய காலத்தில் இருந்த வேலை இப்போது எனக்கு இல்லை. அந்தக் கம்பெனியும் இல்லை. பிழை எங்கே என்று எனக்கே மறந்துவிட்டது. வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.’

இரண்டாவது, இணைப்பு அறுந்தால் தானே திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டபின் எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிடும். மூன்றாவதுதான் இன்று கண் திறந்தபடி செத்தது. நான்காவதாக ஒன்று இருந்தது. பெரிய இடத்துச் சரக்கு, பத்துப் பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு பராமரிப்பது. படித்துப் பார்த்தபோது அவனுக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அது புது சர்வரோடு மட்டும்தான் பேசும். இங்கே இருப்பது பதினோரு வருடத்துப் பழசு.

மேனேஜரிடம் போனான்.

“சர்வர மாத்திட்டா போதும் சார். ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.”

“அந்த சர்வர் ஓடிட்டிருக்கா, நிக்குதா?”

“ஓடுது சார், ஆனா...”

“ஓடறத நோண்டாதப்பா. தலைமை ஆபீஸ்ல கேட்டா அடுத்த வருஷம்பாங்க. போன வருஷமும் அதான் சொன்னாங்க. வேற சொல்லு.”

“அப்ப லைப்ரரிய நானே எழுதறேன். ரெண்டு மாசம் குடுங்க.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் எட்டி உதைத்தால் கீழே இருப்பவர்கள் மேல் போய் விழாமல் நடுவில் நின்று கொஞ்சம் வாங்கிக்கொள்கிறவர். கொஞ்சம்தான்.

“வெள்ளிக்கிழமை காலைல எனக்கு மீட்டிங். சரியாயிடுச்சுன்னு நான் அங்க சொல்லணும். ரெண்டு மாசம்லாம் பேசாத.”

அன்று செவ்வாய்.

இருப்பதில் எது குறைந்த பாவி என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாவதையே எடுத்தான். நான்கு மணி நேரத்தில் அடைத்துக்கொள்கிறது என்றால், அடைத்துக்கொள்ளும் முன்பே ஒவ்வொரு மணிக்கும் அதைக் கொன்று புதிதாக எழுப்பிவிட்டால்? அசிங்கமான வைத்தியம்தான். ஊர் உலகத்தில் பாதி கம்ப்யூட்டர்கள் இந்த வைத்தியத்தில்தான் ஓடுகின்றன. மணிக்கொரு ரீஸ்டார்ட் என்று எழுதி வைத்தான்.

புதன்கிழமை டெஸ்டர் அதைப் போட்டு வதைத்தாள். பத்தாயிரம் மெசேஜ் அனுப்பினாள், பத்தாயிரமும் வந்தது. கேபிளைப் பிடுங்கினாள், திரும்பச் செருகினாள், மறுபடி பத்தாயிரம். ஒன்றும் குறையவில்லை.

“பொழச்சுக்கும் போல இருக்கேடா” என்றாள். “என்னமோ எனக்கே நம்பிக்கையா இருக்கு. அதுதான் பயமா இருக்கு.”

அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் சமையலறையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கீழே ஒரு அறையும் சமையலறையும் அக்காவுக்கும் அத்தானுக்கும், மாடியில் தகரம் போட்ட ஒரு அறை சுருட்டைக்கு. அம்மா அப்பா போனபின் பதினோரு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவன். அத்தானின் வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்திருக்கும், காய்த்துப்போய் மாட்டுத் திமில் போல ஒரு சதை எழும்பியிருக்கும். இருபத்துமூன்று வருட மூட்டை. பட்டியலில் அவர் எண் பதினேழு. அவருக்கு முன்னால் இருக்கும் பதினாறு பேரில் பாதிப் பேருக்கு நிமிர்ந்து நடக்க வராது.

“என்ன மாப்ளே, ஒன் பொட்டி என்ன சொல்லுது?”

“சரியாயிடும் அத்தான். நாளைக்கு மத்தியானம் போடறேன்.”

“மேஸ்திரிகிட்ட சண்டைக்குப் போனேன். எனக்கு ரெண்டு தடவையும் வரலையான்னு. பொட்டிய என் பக்கம் திருப்பிக் காட்டறான். வாங்கியாச்சுன்னு எழுதியிருக்கு. நான் எங்கடா வாங்கினேன்? என் கையில குடுத்தியா?”

“அது நீங்க வாங்கினதில்ல அத்தான். லைப்ரரி வாங்கினது. பழசும் அப்படித்தான், இப்பப் போடறதும் அப்படித்தான்.” சுருட்டை தட்டைத் தள்ளி வைத்தான். “லாரிலேர்ந்து மூட்டைய ஒங்க தோள்ல ஏத்தறாங்கல்ல, ஏத்தினவொடனே சீட்டுல டிக் போட்டா எப்படி? அந்த மாதிரி இது. கையில வந்ததுமே க்யூகிட்ட வாங்கியாச்சுன்னு சொல்லிடும். க்யூ அழிச்சுடும். அப்புறம்தான் ஒவ்வொண்ணா போனுக்கு அனுப்பும்.”

அத்தான் மெல்லுவதை நிறுத்தினார்.

“ஷெட்டுல எறக்கினப்புறம்தானேடா டிக் போடணும். வழியில தடுக்கி விழுந்தா?”

“தூக்கறதுக்கும் எறக்கறதுக்கும் நடுவுல ரெண்டு செகண்டுகூட ஆகாது அத்தான். விழாது.”

“ரெண்டு செகண்டுல விழுந்தவன நான் பாத்திருக்கேன்” என்றார் அத்தான். பிறகு குழம்பை வழித்துப் போட்டுக்கொண்டார். “ஒனக்குத் தெரியும். நீ படிச்சவன்.”

“வெசயம் தெரிஞ்சவன் சொல்றான், சும்மா சாப்பிடுங்க” என்றாள் அக்கா.

வியாழக்கிழமை மதியம் சுருட்டை அதை ஏற்றினான். ஐந்து மணிக்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். டெஸ்டர் பின்னால் நின்றாள். மணி ஐந்தானதும் எண்கள் ஓடின. யார்டு அனுப்பியது இருநூற்று நாற்பது. க்யூவிலிருந்து வாங்கியது இருநூற்று நாற்பது. ஒரு மாதமாகச் சோதித்த லைப்ரரிகளில் இரண்டு எண்ணும் ஒன்றாக நின்றது இதில்தான்.

“போய் மொகத்தக் கழுவிட்டு வீட்டுக்குப் போ. பேயறஞ்ச மாதிரி இருக்க” என்றாள் அவள். குரல் மட்டும் அக்கா மாதிரி இருந்தது.

மேனேஜர் அறிக்கை கேட்டதால் அவன் கிளம்ப நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது அத்தான் படுத்துவிட்டார். லோடுமேன்கள் விளக்கு வைத்ததும் தூங்கிவிடுவார்கள்.

“சரியாயிடுச்சாடா?” என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“ஆயிடுச்சுக்கா. எரநூத்தி நாப்பதுக்கு எரநூத்தி நாப்பது.”

அவள் அவன் தலையைப் பிடித்து ஆட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து நாளாயிற்று. அத்தானுக்கு அழைப்பு வந்ததா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். ஒரே ஒரு கேள்விதான். எண்ணிக்கை சரியாக இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும் என்று மாடிக்கு ஏறிப் படுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கீழே இறங்கினால், அத்தான் உள்பனியனோடு வாசல்படியில் உட்கார்ந்து செருப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தான், போகலையா?”

“கூப்பிடல மாப்ளே. இன்னைக்கு வண்டி கம்மி போல. ஒடம்புக்கும் ஒரு நாள் வேணும்ல.”

சுருட்டை வேகமாக நடந்தான், தெரு முனை தாண்டியதும் ஓடினான்.

ஆபீஸில் மேஸ்திரி அனுப்பிய வராதோர் பட்டியல் ஏற்கெனவே வந்திருந்தது. இருபத்திரண்டு பேர். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து என்று எண்கள் ஏறி, பதினேழைத் தொட்டு, இருபத்தாறில் நின்றது. அதற்கு மேல் ஒருவர்கூட இல்லை. எண் வரிசையில் கிளம்பும் அழைப்புகளில் முதல் இருபத்திரண்டும், அப்படியே மொத்தமாக.

நடப்பதெல்லாம் தானாகப் பதிவாகும் லாகைத் திறந்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை கண்டுபிடிக்க. ஒவ்வொரு மணிக்கும் ரீஸ்டார்ட் என்று எழுதும்போது எந்த நிமிடத்தில் என்று ஒரு இடம் இருக்கும். அதில் சுழியம் போட்டிருந்தான். இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் அந்த இடத்தில் யோசிப்பதில்லை, கை தானாகச் சுழியம் போடும். ஐந்து மணி அடித்தபோது ரீஸ்டார்ட் கிளம்பியது. அதே ஐந்து மணிக்கு யார்டு அழைப்புகளைத் தள்ளியது. புரோகிராம் செத்து விழ ஆன இரண்டு நொடியில் லைப்ரரி இருபத்திரண்டு உறைகளைக் கையில் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் வாங்கியாச்சு என்று சொல்லிவிட்டு, அவற்றோடு சேர்ந்து செத்தது. எழுந்த புதியது மீதி இருநூற்றுப் பதினெட்டை ஒழுங்காகக் கொண்டு சேர்த்தது.

டெஸ்டர் வந்தாள். அவன் திரையைக் காட்டினான். அவள் படித்தாள். படித்துவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“நான் மணி அரைக்கும் முக்காலுக்கும் நடுவுலதான் அனுப்பிப் பாத்தேன்” என்றாள். “ரெண்டு தடவையும். மணிக்கு நேரா அனுப்பணும்னு எனக்குத் தோணல.”

மேனேஜர் மீட்டிங் முடித்துச் சிரித்த முகமாக வந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

“நல்லவேள, சீக்கிரம் கண்டுபிடிச்சுட்ட. ரீஸ்டார்ட்ட மணிக்கு நேரா வேணாம், அஞ்சரை ஆறரைன்னு அரை மணிக்கு மாத்திடு.”

“மாத்திட்டேன் சார். அந்த இருபத்திரெண்டு பேருக்கு விழுந்த குறிய எடுக்கச் சொல்லணும். அதுல ஒருத்தருக்கு இது மூணாவது.”

“அது யார்டு விஷயம்.”

“லாக் தப்புன்னு நாம எழுதிக் குடுத்தா எடுப்பாங்க சார். நான் எழுதறேன்.”

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“லாக் தப்புன்னு எழுதினா நேத்து லாக் மட்டுமா தப்பு? இந்த வருஷம் பூரா தப்புதானே. இதுவரைக்கும் அறுபத்தோரு பேர எடுத்திருக்காங்க. அத்தன பேரும் கேட்டுல வந்து நிப்பான். யாருப்பா பதில் சொல்றது? நீயா, நானா?” பட்டியலை எடுத்துப் பார்த்தார். “அந்த மூணாவது ஆளு யாரு?”

சுருட்டை சொன்னான்.

“அப்ப கேக்கவே வேணாம். அத்தானுக்காக மச்சினன் எழுதற லெட்டர். நீ ரீஸ்டார்ட்ட வேணும்னே அப்படிப் போட்டேன்னு சொன்னாலும் சொல்லுவாங்க. வாயத் தொறக்காத. ஒன் நல்லதுக்குச் சொல்றேன்.”

அவன் டெஸ்டரிடம் வந்தான். அவள் கையெழுத்துப் போட்டால் உறவு என்ற பேச்சு வராது. கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“என்னால முடியாதுடா.”

“நான் இன்னும் கேக்கவே இல்ல.”

“கேக்காத. நான்தான் பாத்து சரின்னு சொன்னேன். என் பேரு அதுல வந்தா மொதல்ல என்னத்தான் அனுப்புவாங்க. எங்க வீட்ல என் ஒரு சம்பளம்.” திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். எப்போதும் ஒரு கிண்டல் ஒட்டிக்கொண்டிருக்கும் வாயில் அன்றைக்கு ஒன்றுமில்லை. “என்னத் திட்டிட்டுப் போ.”

திட்டுவதற்கு என்ன இருக்கிறது. அவன் தானே ஒரு காகிதத்தில் நடந்ததை எழுதி, பெயர் போட்டு, யார்டுக்கு இறங்கிப் போனான். மேஸ்திரி மூன்றாவது ஷெட் வாசலில் நின்றிருந்தார். வெயிலில் காகிதத்தைத் தூரத்தில் பிடித்து முழுவதும் படித்தார். பாவம், புரிந்துகொள்ள முயற்சிதான் செய்தார்.

“தம்பி, இதுல சொல்லியிருக்கறது உண்மையாத்தான் இருக்கும். ஒங்கத்தான எனக்குத் தெரியாதா? மழையில நனஞ்சுக்கிட்டு வந்து நின்ன ஆளு. ஆனா மூணு விழுந்தவொடனே பேர அடிக்கறது நான் இல்ல, அதுவும் பொட்டிதான். காலைல அடிச்சுடுச்சு. பத்து மணிக்கு அந்த எடத்துக்கு ஆளும் போட்டுடுச்சு. அதோ, அந்தப் பச்சை சட்டை.”

பச்சைச் சட்டைக்காரன் ஏழாவது ஷெட்டுக்குள் மூட்டையோடு போனான். முப்பது வயதுகூட இருக்காது. தோளில் போட்டிருந்த துண்டு புதுசு.

“அவன எடுத்துட்டு ஒங்கத்தானப் போடுன்னு நான் யார்கிட்ட சொல்ல? சொல்லு.”

சுருட்டை காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டில் சுற்றி வளைக்காமல் சொன்னான். சுழியம், ஐந்து மணி, இரண்டு நொடி, எல்லாம். அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே ஒரு சத்தமும் இல்லை. பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருந்தால்கூட அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

“நான் வேலைய விட்டுடறேன் அத்தான்.”

“விட்டு?”

சுருட்டை பையிலிருந்த காகிதத்தை எடுத்து மடிப்பைப் பிரித்தான்.

“கிறுக்குத்தனமாப் பேசாத. ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு வீட்ல உக்காரவா?” அத்தான் தைத்து முடித்த செருப்பை எடுத்துக் காலில் போட்டுப் பார்த்தார். “மத்த இருபத்தோரு பேருக்கு எத்தனாவது?”

“மொதல் தடவ பாதி. ரெண்டாவது பாதி.”

“அரை மணிக்கு மாத்திட்டல்ல? இனிமே வராதுல்ல?”

வராது என்று சொல்லிவிடலாம். புதன்கிழமை அப்படித்தான் சொன்னான்.

“வரும் அத்தான். இந்த எடத்துல வராது. வேற எங்கேயாவது வரும். அந்த சர்வருக்கு நல்ல லைப்ரரியே கெடையாது.”

“எங்கேயும்?”

“எங்கேயும்.”

அத்தான் எழுந்து நின்றார். தாழ்ந்த தோளில் சட்டை எப்போதும் போல வழிந்தது. மரக்கடைப் பக்கம் ஆள் எடுக்கிறார்களாம், வயசைக் கேட்பார்களா என்று விசாரித்துவிட்டு வருகிறேன் என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார். பிறகு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை சுருட்டை ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருந்தான். டெஸ்டர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் திரையைத் திறந்து, முதலில் எடுத்துப் பார்த்த லைப்ரரியின் புகார்ப் பக்கத்துக்குப் போனான். ‘எனக்கும்’ என்றவர்கள் முப்பத்தொரு பேர் ஆகியிருந்தார்கள். புது ஆள் எந்த ஊர்க்காரன் என்று தெரியவில்லை. இதற்கு வழி ஏதாவது கிடைத்ததா, அவசரம் என்று கேட்டிருந்தான்.

சுருட்டை ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை அடித்து அனுப்பினான்.